ஆய்வகம் கட்டுவதற்கு முன் ஆளை நியமியுங்கள்

கேள்வி: கோவையில் நீர்மூழ்கி பம்புசெட் தயாரிக்கிறோம். அப்பா ஒற்றை லேத்துடன் தொடங்கிய பட்டறை. இன்று எழுபது பேர் வேலை பார்க்கிறார்கள். சில ஆண்டுகளாக விற்பனை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விலையைக் குறைத்துத்தான் டீலர்களைத் தக்கவைத்துக்கொள்கிறோம். 40 லட்சம் ரூபாய் கடன் வாங்கித் தனி ஆய்வகம் அமைக்கலாம் என்கிறார் ஓர் ஆலோசகர். பொறியியல் கல்லூரி ஒன்று புரிந்துணர்வு ஒப்பந்தத்துடன் வந்திருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று ‘திறந்த புதுமை’ என்ற பெயரில் போட்டி நடத்துகிறது. கிணற்றில் நீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கன்ட்ரோலர் ஒன்றை, எங்கள் சர்வீஸ் மெக்கானிக்கின் யோசனையில் உருவாக்கிச் சில தோட்டங்களில் சோதனைக்கு வைத்திருக்கிறோம். அதைப் போட்டிக்கு அனுப்பச் சொல்லி அழைக்கிறார்கள். என் அண்ணனோ, “நன்றாக ஓடும் கம்பெனியின் மோட்டாரைப் பிரித்துப் பார்த்து அதேபோல் செய்தால் போதும், ஆராய்ச்சியெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு” என்கிறார். ஆராய்ச்சிக்குப் போடும் பணம் திரும்பி வருமா? எங்கிருந்து தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பின்னால் பார்க்கலாம். ஆய்வகம் இப்போது வேண்டாம். கல்லூரியுடன் சேரலாம், ஆனால் அவர்கள் நீட்டும் தாளில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். கன்ட்ரோலரை இன்றைய நிலையில் போட்டிக்கு அனுப்பவே கூடாது. அண்ணன் சொல்வதில் பாதி சரி.

அந்தப் பாதியிலிருந்தே தொடங்குகிறேன். பிறர் மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பது கேவலமான வேலை அல்ல. காப்புரிமையோ வடிவமைப்புப் பதிவோ உள்ள பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளாதவரை சட்டத்திலும் அதற்குத் தடை இல்லை. கோவையின் பம்புத் தொழில் இந்த அளவுக்குப் பரவியதில், ஒரு பட்டறையில் கற்றவர் வெளியே வந்து இன்னொன்று தொடங்கியதற்கும், ஒருவர் செய்ததை மற்றவர் பிரித்துப் பார்த்ததற்கும் பெரும் பங்கு உண்டு. சிக்கல் என்னவென்றால், பிரித்த மோட்டாரில் அளவு தெரியும். அந்த அளவை ஏன் வைத்தார்கள் என்பது தெரியாது.

தாமிர ரோட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டர் என்பது மோட்டாருக்குள் சுற்றும் பகுதி. போட்டிக் கம்பெனியின் மோட்டாரைப் பிரிக்கிறீர்கள். ரோட்டரில் அலுமினியத்துக்குப் பதிலாகத் தாமிரம் வார்த்திருக்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தாமிரத்தின் மின்கடத்தும் திறன் அலுமினியத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல்; ரோட்டரில் வீணாகும் மின்சாரம் குறையும், மோட்டாரின் திறன் கூடும். சரி, நாமும் தாமிரம் வார்ப்போம் என்று இறங்கினால் முதல் அடி வார்ப்பு அச்சில் விழும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். தாமிரத்துக்கு 1,085 டிகிரி வேண்டும். அலுமினியத்துக்கு நெடுநாள் உழைத்த அச்சு தாமிரச் சூட்டில் சீக்கிரமே வெடிப்பு விடும்.

அதையும் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த அடி தோட்டத்தில் காத்திருக்கிறது. ரோட்டரின் மின்தடை குறைந்தால் மோட்டார் கிளம்பும்போது கிடைக்கும் திருப்புவிசையும் குறையும். ரோட்டரில் தாமிரம் வார்க்கும் பள்ளங்களான காடிகளின் வடிவத்தையும் சேர்த்து மாற்றினால்தான் அது சமன்படும். போதாததற்கு, திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் திருப்புவிசை கிட்டத்தட்ட இருபது சதவீதம் இறங்கிவிடும். சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போடும் நேரத்தில், லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கும் விவசாயியின் கிணற்றில் உங்கள் புது மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. சோதனை மேடையில் முழு வோல்டேஜில் ஓட்டி, திறன் கூடியதைப் பார்த்து மகிழ்ந்த மோட்டார் அது. காடியின் வடிவம் பிரித்த மோட்டாரிலேயே இருந்தது. ஆனால் அதை ஏன் கவனிக்க வேண்டும் என்று சொல்ல உங்கள் கம்பெனியில் ஆள் இல்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர்கள் கோஹனும் லெவிந்தாலும் 1990-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இத்துறையில் இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. ஆராய்ச்சிக்குப் போடும் பணம் இரண்டு வேலை செய்கிறது என்பது அவர்கள் வாதம். புதிய பொருளைத் தருவது ஒன்று. வெளியே யாரோ கண்டுபிடித்ததன் மதிப்பை உணர்ந்து, அதை எடுத்து நம் வேலைக்குப் பயன்படுத்தும் திறனைத் தருவது இன்னொன்று. இதை உள்வாங்கும் திறன் என்கிறோம். உங்களைப் போன்ற சிறு கம்பெனிக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் பெரிய வரவு. இருப்புநிலைக் கணக்கில் அது தெரியாது என்பதால் அதற்குச் செலவழிக்க மனம் வருவதில்லை.

பெல்ஜியத்து உற்பத்தி நிறுவனங்களை ஆராய்ந்து காசிமானும் வொய்கலர்ஸும் 2006-இல் சொன்னதும் இதை ஒட்டியதே. சொந்தமாக ஆராய்ச்சி செய்பவர்கள், வெளியிலிருந்து அறிவை வாங்குபவர்கள், இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் என்று பிரித்து, மொத்த விற்பனையில் புதிய பொருள்களின் பங்கு எவ்வளவு என்று பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களே முன்னால் நின்றார்கள். வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், உள்ளே ஆராய்ச்சி எதற்கு என்று சிக்கனம் பார்த்தவர்களுக்கு வாங்கியதன் பலனும் முழுதாகக் கிடைக்கவில்லை.

‘திறந்த புதுமை’ என்ற சொல் 2003-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்ப்ரோ எழுதியதிலிருந்து பரவியது. எல்லாவற்றையும் நான்கு சுவருக்குள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, வெளியில் இருக்கும் நல்ல யோசனைகளை உள்ளே கொண்டுவரலாம், உள்ளே தூங்கும் யோசனைகளை வெளியே விடலாம் என்பது அதன் சாரம். அவர் அடிக்கடி காட்டிய உதாரணம் ஜெராக்ஸ் நிறுவனம் 1970-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் அமைத்த ஆய்வகம். கணினிகளை இணைக்கும் ஈதர்நெட், திரையில் படங்களைச் சொடுக்கி வேலை செய்யும் முறை எல்லாம் அங்கே உருவாகி வளர்ந்தவை. லேசர் பிரிண்டரில் ஜெராக்ஸ் நன்றாகவே சம்பாதித்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை வெளியே போய்ப் பிறரைச் செழிக்க வைத்தன. ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பாப் மெட்கால்ஃப் 1979-இல் வெளியேறித் தனி நிறுவனம் கண்டார். வார்னாக்கும் கெஷ்கியும் 1982-இல் வெளியேறி அடோபி மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உலகின் மிகச் சிறந்த ஆய்வகம் என்று பெயர் வாங்கிய இடத்தின் கதி இது. உங்கள் ஆலோசகர் 40 லட்சத்துக்கு எந்திரப் பட்டியல் தந்திருப்பார். அங்கே கிடைக்கும் விடை எந்த மாடலில், எந்த டீலர் வழியாக, என்ன விலைக்குப் போகும் என்ற பட்டியலையும் தந்தாரா என்று கேளுங்கள்.

மறுபக்கத்துக்கு, வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான பி அண்ட் ஜி (புராக்டர் அண்ட் கேம்பிள்) கதை எல்லோருக்கும் பிடித்தது. பாதிக் கதையோடு நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் குறை. 2000-இல் அங்கே தலைமைக்கு வந்த லாஃப்லி, புதிய பொருள்களில் பாதிக்கு விதை வெளியிலிருந்து வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். பிரிங்கிள்ஸ் உருளைச் சிப்ஸ் ஒவ்வொன்றின் மேலும் படமும் எழுத்தும் அச்சிடும் யோசனை வந்தது. பொரித்த சூட்டோடு, ஈரம் மாறுவதற்குள், வேகமாக ஓடும் வரிசையில், தின்னக்கூடிய மையால் அச்சிட வேண்டும். சொந்தமாகச் செய்தால் நாள் பிடிக்கும், செலவும் கூடும். எனவே தேவையை ஒரு குறிப்பாக எழுதித் தங்கள் தொடர்பு வலையில் சுற்றுக்கு விட்டார்கள். இத்தாலியின் பொலோனா நகரில் சிறு பேக்கரி நடத்திவந்த ஒரு பேராசிரியர், கேக்கின் மேல் படம் அச்சிடும் முறையை ஏற்கெனவே வைத்திருந்தார். 2004-இல் சிப்ஸ் கடைக்கு வந்துவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு, பாருங்கள், வெளியே கேட்டால் கிடைக்கும் என்று முடித்துவிடுவார்கள். சொல்லாமல் விடுவது இது: அன்று பி அண்ட் ஜிக்குள் ஏறத்தாழ 7,500 ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். என்ன வேண்டும் என்று பிசிறில்லாமல் எழுத அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேக்குக்குப் பொருந்திய முறையைச் சிப்ஸுக்கு மாற்றவும் ஆள் இருந்தார்கள். உங்களுக்கு 7,500 பேர் வேண்டாம். ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் யார்? பம்பு அல்லது மோட்டார் வடிவமைப்பில் சில ஆண்டுகள் கைநனைத்த ஒரு பொறியாளர். உற்பத்தி வேலை எதையும் அவர் தலையில் கட்டக் கூடாது. மார்ச் மாதத்தில் ஆர்டர் குவியும்போது, “கொஞ்சம் டெஸ்பாட்ச் பார்த்துக்கொள்” என்று அவரை அனுப்பிவிடுவீர்கள். எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். ஆராய்ச்சி செத்துப்போவது பெரும்பாலும் பணம் இல்லாமல் அல்ல, இப்படித்தான்.

அவருக்கு முதல் வேலையாக, உத்தரவாதக் காலத்துக்குள் திரும்பி வரும் பம்புகளைக் கொடுங்கள். இப்போது என்ன செய்கிறீர்கள்? எரிந்த வைண்டிங்கை (கம்பிச்சுற்றை) எடுத்துவிட்டு மறுபடி சுற்றி, சோதித்து அனுப்பிவிடுகிறீர்கள். ஏட்டில் “காயில் எரிந்தது” என்று எழுதியிருப்பார்கள். அது நோய் அல்ல, நோயின் முடிவு. மணல் புகுந்து, ரோட்டரின் எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்து, ரோட்டர் இறங்கி உரசி எரிந்ததா? வோல்டேஜ் குறைவால் கூடுதல் மின்னோட்டம் இழுத்து எரிந்ததா? கிணறு வற்றிக் குளிர்ச்சிக்கு நீரில்லாமல் வெந்ததா? வைண்டிங் வயரின் மேலுறையில் கீறல் இருந்ததா? நான்கின் தடயமும் வெவ்வேறு. ஒரு மேசை, நல்ல வெளிச்சம், ஒரு கேமரா, ஊர்ப் பெயரும் கிணற்றின் ஆழமும் எழுத ஒரு பேரேடு போதும். ஓர் ஆண்டு இதை ஒழுங்காகச் செய்தால், எங்கே ஆராய வேண்டும் என்பதைத் திரும்பி வந்த பம்புகளே காட்டிவிடும்.

இந்த வேலையில் உங்கள் சர்வீஸ் மெக்கானிக்குகளையும் வெளியூர் ரீவைண்டிங் கடைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரியாதைக்காகச் சொல்லவில்லை. டென்மார்க்கில் சில நூறு நிறுவனங்களை ஆராய்ந்து 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. அறிவியல் வழியில், அதாவது பொறியாளர், ஆய்வகம், பல்கலைக்கழகத் தொடர்பு என்று போகும் கம்பெனிகள் ஒரு பக்கம். வேலை செய்தும், வாடிக்கையாளருடன் பேசியும், பட்டறை அனுபவத்தாலும் கற்கும் கம்பெனிகள் மறுபக்கம். புதிய பொருளைக் கொண்டுவரும் வாய்ப்பு, இரண்டு வழியையும் வலுவாக இணைத்தவர்களுக்கே மிக அதிகமாக இருந்தது. கோவைப் பட்டறைகளுக்கு இரண்டாவது வழி பிறவியிலேயே உண்டு. உங்களுடைய ஒரே நல்ல கண்டுபிடிப்பும் அந்த வழியில்தான் வந்திருக்கிறது. அதைக் கைவிட்டு முதலாவதுக்கு மாறச் சொல்கிறார் உங்கள் ஆலோசகர். முதலாவதே வேண்டாம் என்கிறார் உங்கள் அண்ணன்.

எந்திரத்துக்கு வருவோம். நீரோட்டம், அழுத்தம், மின்னோட்டம் மூன்றையும் நம்பகமாக அளக்கும் சோதனை மேடையும், வேண்டிய வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து ஓட்டிப் பார்க்கும் வசதியும் இருந்தால் இப்போதைக்குப் போதும். இருக்கும் மேடையைச் சீர்செய்து, அளவிகளைச் சரிபார்த்துச் சான்று வாங்கினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதற்கு மேல் அங்கீகாரம் பெற்ற சோதனை வேண்டுமானால் பொறியியல் உற்பத்தியாளர் சங்கமான சீமாவின் முயற்சியில் உருவான சிட்டார்க் சோதனைக்கூடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பொதுச் சோதனைக்கூடம் பக்கத்தில் இருக்க, எப்போதாவது பயன்படும் கருவிக்குக் கடன் வாங்கி வட்டி கட்டுவானேன்?

வரிச்சலுகையைக் காட்டி ஆய்வகம் கட்டச் சொன்னாலும் மயங்காதீர்கள். ஒரு காலத்தில் அங்கீகாரம் பெற்ற சொந்த ஆய்வுப் பிரிவின் செலவில் 200 சதவீதம் வரை கழித்துக்கொள்ள முடிந்தது. பின்னர் அது 150 ஆகி, 2020 ஏப்ரலிலிருந்து 100 சதவீதம் ஆகிவிட்டது. பழைய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

அடுத்து கல்லூரி. ஒரு தொழிற்சாலையின் வரவேற்பறையில் ஐந்தாறு ஒப்பந்தங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவற்றிலிருந்து என்ன பொருள் வந்தது என்று கேட்டேன்; தேநீர் வந்தது. பிரிட்டனில் 2,700-க்கும் மேற்பட்ட உற்பத்தி நிறுவனங்களை வைத்து லார்சனும் சால்ட்டரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வெளியே அறிவு தேடும் வழிகள் கூடக்கூடப் புதுமையும் கூடுகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு கூடக்கூட இறங்குகிறது. ஆழமாக உறவு வைத்திருக்கும் இடங்களுக்கும் இதே கதைதான். அங்கே எல்லை இன்னும் சீக்கிரமாக வந்துவிடுகிறது. தேடுவதற்கும் பேசுவதற்கும் ஆகும் நேரம் யாருடையது? எழுபது பேர் கம்பெனியில் அது உங்களுடையதும் அந்த ஒரு பொறியாளருடையதும்தான். ஒரு கல்லூரி, ஒரு ஃபவுண்டரி, நம்பிக்கையான ஓரிரு டீலர்கள். இதற்கு மேல் இப்போது தாங்காது.

கல்லூரிக்குப் போகும்போது, “எங்கள் பம்பின் திறனைக் கூட்டித் தாருங்கள்” என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரு கருத்தரங்கம் நடத்திச் சான்றிதழ் தருவார்கள். பேரேட்டில் ஒரே இடத்துக் கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அதைக் கேள்வியாக்குங்கள்: “இந்த மாடலில், மணல் கலந்த நீரில், த்ரஸ்ட் பேரிங் எங்கே முதலில் தேய்கிறது, எந்தப் பொருளை மாற்றினால் எவ்வளவு நீடிக்கும்? தேய்ந்த பேரிங்குகள் இதோ.” இப்படிக் கேட்டால் பேராசிரியருக்கும் ஆர்வம் வரும், மாணவரின் ஆய்வுக்கும் உண்மையான பொருள் கிடைக்கும். ஒரு கேள்வி, ஒரு காலக்கெடு, ஒரு தொகை. மாணவர் ஜூனில் படிப்பு முடிந்து போய்விடுவார் என்பதை மறக்காமல், வேலை நடக்கும்போதே உங்கள் பொறியாளர் வாரம் ஒருநாளாவது அங்கே போய் உட்கார வேண்டும். அறிக்கை மட்டும் வந்து சேர்ந்தால் அலமாரிக்குத்தான் போகும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். கண்டுபிடிப்பு “இரு தரப்புக்கும் கூட்டு உரிமை” என்று போட்டிருப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் அதைத் தாமே பயன்படுத்தலாம். ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் வேறொருவருக்கு உரிமம் கொடுக்கவோ தம் பங்கை விற்கவோ முடியாது. நாளைக்கு நீங்கள் ஒரு வடநாட்டுக் கம்பெனிக்கு இந்தத் தொழில்நுட்பத்தை உரிமம் கொடுக்க நினைத்தால், கல்லூரி நிர்வாகக் குழு கூடிக் கையெழுத்திடும்வரை காத்திருக்க வேண்டும். அதைவிட, பம்புத் துறையில் பயன்படுத்தவும் உரிமம் கொடுக்கவும் முழு உரிமை உங்களுக்கு, பிற துறைகளில் கல்லூரிக்கு, விற்பனையில் இவ்வளவு ராயல்டி என்று இப்போதே பேசிவிடுங்கள். ஆய்வுக் கட்டுரை வெளியிடுவதற்கு முன் உங்களுக்குக் காட்டி, விண்ணப்பம் போட அவகாசம் தர வேண்டும் என்பதும் இருக்கட்டும். கட்டுரை முந்திக்கொண்டால் ‘புதியது’ என்ற தகுதி பெரும்பாலும் போய்விடும்.

பணம் திரும்பி வருமா என்ற கேள்விக்கு, முதலாண்டில் வராது என்பதே நேர்மையான பதில். இரண்டாம் ஆண்டிலும் சந்தேகம். அதுவரை லாபக் கணக்கை மட்டும் பார்த்தால் அண்ணன் ஜெயித்துவிடுவார். காப்புரிமை எண்ணிக்கையும் ஏமாற்றும். சுவரில் மாட்டவே காப்புரிமை வாங்கும் கம்பெனிகள் உண்டு. இரண்டு எண்களைப் பாருங்கள். விற்ற பம்புகளில் நூற்றுக்கு எத்தனை உத்தரவாதத்தில் திரும்பி வருகின்றன? இது ஓராண்டிலேயே அசையத் தொடங்கும். மிச்சமாகும் தொகையே பொறியாளரின் சம்பளத்தில் ஒரு பகுதிக்கு ஆகும். மொத்த விற்பனையில், கடந்த மூன்றாண்டுகளில் அறிமுகமான மாடல்களின் பங்கு எவ்வளவு? இது மெதுவாக ஏறும். ஆனால் விலையைக் குறைக்காமல் டீலரிடம் பேச முடிகிறதா என்பது இதில்தான் தெரியும்.

கடைசியாக, அந்தப் போட்டி. நடத்துபவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பங்கேற்பு விதிகளைப் படியுங்கள்: அனுப்பிய யோசனையை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம், ரகசியம் காக்கும் பொறுப்பு தங்களுக்கு இல்லை என்பதுபோல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கன்ட்ரோலர் உள்ளே எப்படி முடிவெடுக்கிறது என்பதை எழுதி அனுப்பிய கணமே அது உங்கள் கையைவிட்டுப் போய்விடும். வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. கையெழுத்தான ரகசிய ஒப்பந்தமே உங்கள் பிடி.

அதற்கு முன் இன்னொன்று. மின்னோட்டம் இறங்குவதை வைத்து மோட்டாரை நிறுத்தும் கருவிகள் ஏற்கெனவே கடையில் கிடைக்கின்றன. உங்களுடையதில் எது புதிது என்று ஒரே பத்தியில் எழுத முடிகிறதா பாருங்கள். காப்புரிமை அலுவலக இணையதளத்தில் பழைய விண்ணப்பங்களை இலவசமாகத் தேடலாம். உங்கள் பொறியாளருக்கு அது நல்ல பயிற்சியும்கூட. புதுமை கன்ட்ரோலருக்குள் ஓடும் நிரலில் மட்டும் இருந்தால், நிரல் என்ற அளவில் அதற்குக் காப்புரிமை கிடையாது. ரகசியமாக வைத்துக்கொள்வதே நல்லது. உணரியும் (சென்சார்) மின்சுற்றும் சேர்ந்த அமைப்பில் புதுமை இருந்தால், தற்காலிக விவரணத்துடன் விண்ணப்பம் போடுங்கள். முழு விவரணம் தர அதிலிருந்து 12 மாத அவகாசம் உண்டு. சிறு நிறுவனங்களுக்குக் கட்டணமும் குறைவு. தோட்டங்களில் எந்தத் தேதியில் முதலில் வைத்தீர்கள் என்பதை இன்றே பாருங்கள். பொது இடத்தில் வைத்தால்தான் சோதிக்க முடியும் என்ற நிலையில், நியாயமான சோதனைக்காக வெளியே ஓட்டியதைச் சட்டம் மன்னிக்கும். அதுவும் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்திருந்தால்தான். விலைக்கு விற்ற ஒன்றிரண்டு இருந்தால் காப்புரிமை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் அந்த மெக்கானிக்கின் பெயர் வர வேண்டும். யோசனைக்கு உருக்கொடுத்த வேறு யாரேனும் இருந்தால் அவர்கள் பெயரும் வரட்டும். முதலாளி என்பதற்காக உங்கள் பெயரைச் சேர்க்காதீர்கள். அவர் உங்களிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதாலேயே உரிமை தானாகக் கம்பெனிக்கு வந்துவிடாது. உரிமையைக் கம்பெனிக்கு மாற்றித் தரும் எழுத்துப்பூர்வமான ஆவணத்தில் அவருடைய கையெழுத்து வேண்டும். அந்தத் தாளை அவர் முன் வைக்கும் நாளில், விற்கும் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் அவருக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிக் கொண்டுபோங்கள்.